முன்கண்ணாடி மாற்றினீர்களா? கேமரா கேலிபரேஷன் என்று 18,500 ரூபாய் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் லெவல் 2 வசதியோடு (கேமரா பார்த்துக் கார் தானே ஸ்டியரிங்கையும் வேகத்தையும் கவனிக்கும், ஆனால் ஓட்டுகிறவர் பொறுப்பு போகாது) எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். போனது 18,500 ரூபாய். அதைவிட வயிறு எரிவது, வேலையைச் செய்யாமலே வண்டியை ரோட்டுக்கு அனுப்பினார்களே, அதற்குத்தான்.

தொண்டி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜல்லி ஏற்றிய டிப்பரிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல். மாவட்டத்துக்கு வெளியே நான்குவழிச்சாலை ஓரமாக, எல்லா கம்பெனி காருக்கும் கண்ணாடி போடும் பெரிய கடை. பெயர் இப்போதைக்கு வேண்டாம், புகார் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணாடி இன்சூரன்ஸில் முடிந்தது, அதில் குறை இல்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார்கள்: "அண்ணே, கண்ணாடி மாத்துனா கேமரா கேலிபரேஷன் கட்டாயம். பண்ணலேன்னா வண்டி கோட்டுக்குள்ள நிக்காது. இன்சூரன்ஸ்ல வராது, தனியா 18,500 ஆகும்."

கேலிபரேஷன், அதாவது கேமராவின் பார்வைக் கோணத்தை அளந்து சரிசெய்வது, கட்டாயம் என்பது முழு உண்மை. அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். கேமரா முன்கண்ணாடியில் ஒட்டிய பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி மாறினால் அதன் பார்வையும் நூலளவு மாறும். ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் கோடு 87 சென்டிமீட்டர் விலகித் தெரியும். இருவழிச்சாலையில் நம் பக்கம் மூன்றரை மீட்டர், கார் அகலம் சுமார் 1.8 மீட்டர். இரண்டு பக்கமும் மிஞ்சுவது தலா 85 சென்டிமீட்டர். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அந்த டெக்னீஷியன் மனப்பாடமாக ஒப்பித்தார். இவ்வளவு விவரம் பேசுகிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கையில் ஒரு டேப்லெட், வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்கக் கருவியைச் செருகும் இடம்) ஒரு வயர். திரையில் பச்சை டிக் வந்தது, டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கு அணைந்தது. "முடிஞ்சுதுண்ணே, கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க." பணம் கடைக் கணக்குக்குப் போகவில்லை, அவர் சொன்ன மொபைல் நம்பருக்கு ஜிபேயில் போனது. பில்லில் எழுதியது "ஃபிட்டிங் மற்றும் லேபர்". கேலிபரேஷன் என்ற சொல்லே கிடையாது.

செய்ததெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எர்ரர் கோடை (பழுதுக் குறிப்பை) அழித்தது மட்டும்தான். விளக்கு அணையும், கேமரா பார்க்கும் கோணம் அப்படியேதான் இருக்கும்.

முறையான வேலை எப்படி இருக்கும் தெரியுமா? தரை மட்டமாக இருக்க வேண்டும். டயர் காற்று கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. டிக்கியில் சுமை கூடாது. வீல் அலைன்மென்ட் சரியாக இருந்து ஸ்டியரிங் நேராக நிற்க வேண்டும். எலெக்ட்ரிக் கார்தானே என்று விட முடியாது, அதிலும் 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. வேலை நடக்கும்போது அது இறங்காமல் சார்ஜர் கொடுப்பார்கள். பிறகு கம்பெனி சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில், காரின் நடுக்கோட்டுக்கு நேராக, கட்டம் போட்ட டார்கெட் போர்டை அளந்து நிறுத்துவார்கள். சில மாடலுக்கு இது போதும். சிலவற்றுக்குப் போர்டு இல்லாமல், கோடு தெளிவான ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டியே செய்வார்கள். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். இந்தக் கடையில் போர்டும் இல்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை. சரிவான முற்றத்தில், பின்சீட்டில் சாமான் கிடக்க, டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்ததாம். 18,500 ரூபாய்.

அதன் பலன் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் தெரிந்தது. லேன் அசிஸ்ட் (வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தும் வசதி) போட்டால் வண்டி நடுக்கோட்டைப் பார்த்து வலது பக்கமாகவே இழுக்கிறது. எதிரே ராமேஸ்வரம் போய்த் திரும்புகிற டூரிஸ்ட் பஸ்கள். லேசான வளைவில் எதிரே வரும் லாரியை நம் பாதையில் நிற்பதாக எடுத்துக்கொண்டு, காரணமில்லாமல் ரீஜெனில் (மோட்டாரே பிரேக் மாதிரி இழுத்துப் பிடிப்பது) வேகத்தைச் சட்டென்று இறக்குகிறது. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன் கதி என்ன? லெவல் 2 என்றால் கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில் இருக்க வேண்டும், சரி. அதற்காக வண்டியோடு மல்லுக்கட்டியா ஓட்டுவது?

போன் செய்தால் பதில்கள் இப்படி. முதலில், "உங்க ராம்நாடு ரோட்டுல கோடே கிடையாதுண்ணே." கோடு தெரியாவிட்டால் திரையில் ஸ்டியரிங் படம் மங்கி அசிஸ்ட் கைவிட்டுவிடும். தனுஷ்கோடி ரோட்டில் மணல் மூடிய இடத்தில் அதுதான் நடக்கிறது. ஒரே பக்கமாக இழுப்பது வேறு நோய். அடுத்தது ரோட்டுச் சரிவு. சரிவு என்றால் ஓரத்துக்கு, இடது பக்கம்தானே இழுக்கும்? போகும்போதும் வலது, வரும்போதும் வலது. பிறகு சாயங்கால வெயில். மேற்கே பார்த்து வரும்போது சரி, கிழக்கே போகும்போதுமா? அப்புறம் உப்புக்காற்று, சாஃப்ட்வேர் அப்டேட், டெக்னீஷியன் லீவு, மிஷின் சர்வீஸில் இருக்கிறது. கடைசியில் மேனேஜர் என்று ஒருவர், "சார், பில்லுல கேலிபரேஷன்னு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். அண்ணே என்றவர்கள் இப்போது சார் என்கிறார்கள்.

கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டதில், கேமராவின் பதிவில் தொழிற்சாலையில் செய்த கேலிபரேஷன் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே எழுதப்படவில்லை. பிரிண்ட் வாங்கியாயிற்று.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: டார்கெட் போர்டைக் கண்ணால் பார்க்காமல் (ஓட்டிச் செய்யும் மாடல் என்றால் கூடவே உட்காராமல்) பணம் தராதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டும், அதில் உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பர் இருக்க வேண்டும். பில்லில் கேலிபரேஷன் என்று எழுதி ஜிஎஸ்டி போடச் சொல்லுங்கள். தனி ஆள் நம்பருக்கு ஜிபே வேண்டவே வேண்டாம். இன்சூரன்ஸில் வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாமல் இன்சூரன்ஸ் கம்பெனியையே கேளுங்கள். கண்ணாடி மாற்றிய பின் முதல் ஓட்டத்தில் அசிஸ்ட்டை ஆளில்லாத நேரான ரோட்டில், போக ஒன்று, வர ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரே பக்கம் இழுத்தால் அணைத்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இது தெரிந்ததும் "3,000 ரூபாய் திருப்பித் தர்றோம், புகாரை எடுத்துடுங்க" என்று வாட்ஸ்அப் வருகிறது. கொடுத்தது 18,500. ஒரு ரூபாய் குறைந்தாலும் எடுப்பதாக இல்லை.