வேலூர் சத்துவாச்சாரி டி.டி.பி. கடையில் அப்பாவின் கடிதங்கள் புத்தகமான அனுபவம்

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நினைவு நாளுக்கு வருகிறவர்களுக்கு, அவர் அம்மாவுக்கு எழுதிய இன்லேண்டு கடிதங்களைச் சின்னப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவானது. 1974 முதல் 1979 வரை 31 கடிதங்கள். அப்போது அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதும் வேலை, அம்மா ஆரணியில் பாட்டி வீட்டில். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் போனிலும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் போன கடையில் மாதிரிக்கு மூன்று கடிதம் அடித்துக் கொடுத்தார்கள். தாளில் அழகாகவே இருந்தது. அதையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அதில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில்தான் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கும், எழுத்துரு இல்லாத போனில் சட்டை கழன்றுவிடும். கேட்டதற்கு, போட்டோ பிடித்து அனுப்பிக்கொள்ளச் சொன்னார்கள். அதோடு அங்கே போவதை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் கலெக்டர் ஆபீஸ் பக்கம், உள் தெருவில் இருக்கும் இந்தக் கடை கிடைத்தது. பலகையில் "தமிழ், ஆங்கிலம் தட்டச்சு – டி.டி.பி. – ஜெராக்ஸ்" என்று மட்டும் இருக்கும். நடத்துகிற அக்கா தட்டச்சுப் பயிலகத்தில் மிஷினில் கற்றுக்கொண்டு, இரண்டு மொழியிலும் ஹையர் தேர்வு முடித்தவர். நான் பழைய கதையைச் சொன்னதும், "தம்பி, எல்லாத்தையும் யூனிகோடுல ஒருவாட்டி அடிச்சுடலாம், தாளுக்கும் போனுக்கும் அதுலேருந்தே பிரிச்சுக்கலாம்" என்றார். யூனிகோடு என்பது எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை. பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் யூனிகோடு தமிழ் வராது என்பதால் பல கடைகள் இன்னும் பாமினியை விடாமல் இருக்கின்றன, இவர் எப்போதோ மாறிவிட்டாராம்.

வேலை கெட்டிக்காரத்தனமாக இருந்தது என்று சொல்லி முடித்துவிட முடியாது. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அப்பா துதிக்கை வைத்த பழைய லை, ணை எழுதியவர். 1978-இல் அரசு எழுத்தை மாற்றிய பிறகும் கை பழகியதைத்தானே எழுதும். "பழைய உருவமே வேணும்னா புத்தகத்துல போட்டுடலாம், எழுத்து ஒண்ணுதான், எழுத்துருவை மாத்தினா போதும். போன்ல அது நம்ம கையில இல்ல, அவங்கவங்க போன்ல இருக்கிற எழுத்துல புதுசாத்தான் தெரியும்" என்றார். புத்தகத்தில் பழைய லை வைத்துக்கொண்டோம். ஒரு இன்லேண்டை ஸ்கேன் செய்து பின்னட்டையில் போட்டது அவருடைய யோசனைதான், முகவரியில் அப்பா எழுதிய "வ.ஆ. மாவட்டம்" அப்படியே தெரிகிறது. ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம் ஆயிற்றே, மாற்றிவிடலாமா என்று கேட்டேன். கடிதத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்ததைப் புத்தகத்தில் அடிக்குறிப்பாகச் சேர்த்தார். போனில் அடிக்குறிப்புக்கு யாரும் போக மாட்டார்கள் என்று, அங்கே அதையே கடிதத்துக்கு மேலே ஒரு வரியாக வைத்தார். ஒரே தகவலைத் தாளில் படிக்கிறவருக்கு ஓரிடத்திலும் திரையைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு வேறிடத்திலும் வைக்கத் தெரிந்த ஆளை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

செலவைக் குறைக்கப் பத்துக் கடிதங்களை என் அக்கா மகள் போனில் பேசியே தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். நான் திரையிலேயே இரண்டு முறை படித்துச் சரி என்றேன். கடை அக்கா கேட்கவில்லை, அகலமான ஓரம் விட்டுத் தாளில் புரூஃப் எடுத்து, பென்சிலோடு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். முதல் பக்கத்திலேயே அம்மா நிறுத்தினார். "அறை வாடகை" என்பது "அரை வாடகை" ஆகியிருக்கிறது. "முழு வாடகைதான்டா குடுத்தாரு." இரண்டுமே சரியான சொல் என்பதால் பிழைதிருத்தி மென்பொருளும் பிடித்திருக்காது.

இன்னொரு இடம். "மல்லிச் செடிக்குத் தண்ணி ஊத்திகினு இரு" என்று அப்பா எழுதியதை, கடையில் வேலை செய்யும் பெண் "ஊற்றிக்கொண்டு இரு" என்று திருத்திவிட்டாள். அம்மா அதை அடித்துவிட்டு ஓரத்தில் "அவர் எழுதியபடியே போடவும்" என்று எழுதினார். கடையில் முகம் சுளிக்காமல் 31 கடிதத்தையும் மூலத்தோடு மறுபடி ஒப்பிட்டார்கள், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

48 பக்கம், நடுவில் பின் அடித்து 100 பிரதி, போனுக்கு உண்டான வேலை எல்லாம் சேர்த்து 6,300 ரூபாய். பி.டி.எஃப். ஒன்றும் தந்தார்கள். ஆனால் பி.டி.எஃபில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் சில நேரம் அகப்படாது என்பதால், ஒவ்வொரு கடிதத்தையும் தேதி போட்டுத் தனிச் செய்தியாக அனுப்பும்படி பிரித்துக் கொடுத்தார்கள்.

குறையும் உண்டு. பத்து நாள் என்றது பதினேழு நாள் ஆனது, போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். வாசலில் மூன்று படி உயரம், வயதானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கூட இல்லை, அம்மாவை அழைத்துப் போன அன்று ரொம்பச் சங்கடமாகிவிட்டது. ஒரு நாற்காலியாவது போடச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகாதீர்கள், குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், அவர்களுக்குத்தான் முதலில் வேலை நடக்கும், நடக்கவும் வேண்டும்.

நேற்று பெங்களூரிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். குழுவில் "மல்லி" என்று தேடினாளாம், நான்கு கடிதங்களில் அந்தச் செடி வருகிறதாம். அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஐந்து என்கிறார். ஒன்றில் அப்பா பேர் சொல்லாமல் "அந்தச் செடி" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.