கரும்பு லோடு இழுக்க டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா?

ஆலைக்குத் தினமும் கரும்பு டிரெய்லர் இழுக்க 50 குதிரைத்திறன் டிராக்டர் என்று முடிவாகிவிட்டதா? மிச்சம் இருப்பது இந்தக் கேள்விதான்: பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவா, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவா?

தார் ரோட்டுக்கு டூ வீல் டிரைவே போதும். விலை குறைவு, குறுகலான இடத்தில் சட்டென்று திரும்பும், முன் அச்சில் கியர், ஆயில் சீல் என்று செலவு வைக்க எதுவும் இல்லை. ஃபோர் வீல் வாங்கினாலும் தாரில் லீவரைத் தள்ளி முன் சக்கர இழுவையை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டணும். முன் சக்கரம் கொஞ்சம் முந்திச் சுற்றும்படி அமைத்திருப்பார்கள். மண்ணில் அது சறுக்கலில் போய்விடும், தாரில் டயரைத் தின்னும்.

ஆனால் லோடு கிளம்புவது ரோட்டிலிருந்து இல்லையே! மழை பெய்த மறுநாள், வயலிலிருந்து வாய்க்கால் மேட்டில் ஏறும் அந்தப் பத்தடிதான் சோதனை. டூ வீல் வண்டியின் பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். கிளட்சைப் பட்டென்று விட்டால் மூக்கு தூக்கும். அப்போது ஸ்டியரிங் இருந்தும் பயனில்லை. முன்னால் வெயிட் மாட்டி, கொக்கியைத் தாழ்வாகப் போட்டால் தூக்கல் குறையும், சேற்றில் பிடிமானம் வராது. ஃபோர் வீலில் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

மணல் கலந்த பூமி, நல்ல வண்டிப்பாதை என்றால் டூ வீல் எடுத்து, மீதிப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள். களிமண் என்றால் ஃபோர் வீல்தான், யோசிக்கவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஆயில் பிரேக் (ஆயிலில் மூழ்கியபடி வேலை செய்யும் பிரேக்) பார்த்து எடுங்கள். டிராக்டரில் இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல் இருக்கும்; ரோடு ஏறுமுன் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். லோடோடு ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகத் திருகிவிடும்.