ஊராட்சி (உள்ளூர் அரசாங்க) ஆய்வுக்குக் களம் எது: கோலாலம்பூரா, பினாங்கா?

இரண்டு நகரங்களையும் ஒரே தராசில் வைப்பதில்தான் முதுகலை ஆய்வுகள் பல சறுக்குகின்றன. பினாங்குத் தீவு மாநகராண்மைக் கழகத்தில் மேயரோடு 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி அவர்களை நியமிப்பது மாநில அரசு. கோலாலம்பூரில் உறுப்பினர் என்று ஒருவருமே கிடையாது. டத்தோ பண்டார் எனப்படும் மாநகர்த் தலைவர் கையில்தான் அதிகாரம்; பக்கத்தில் ஓர் ஆலோசனை வாரியம், அவ்வளவே. உறுப்பினர் செயல்பாட்டைப் பற்றிய ஒரே கேள்வித்தாளை இரண்டு ஊரிலும் கொடுத்தால் பாதி பதில் வெற்றிடமாகத்தான் திரும்பும்.

தேர்தல் வரலாறு வேண்டுமென்றால் தயங்காமல் பினாங்கு. 1951இல் வாக்களிப்பு, 1957இல் மாநகர் தகுதி, பிறகு மேயராக டி. எஸ். இராமநாதன், 1965இல் தேர்தல் நிறுத்தம். மீண்டும் நடத்தலாம் என்று, ஊராட்சியை ஆராய்ந்த அதி நாகப்பன் அரச ஆணையம் 1968இல் சொன்னது. 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கே கதவை அடைத்தது. பினாங்கு 2012இல் இயற்றிய தேர்தல் சட்டமும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கோலாலம்பூரில் 1960ஆம் ஆண்டு கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தோடு தேர்தல் முடிந்துபோனது.

இப்போது ஆய்வுகளின் கண் மக்கள் பங்கேற்பின் பக்கமும் திரும்பியிருக்கிறது. அதிலும் பினாங்குக்கே கை ஓங்கல். ஜாலான் சுங்கை, அம்பாங்கான் அடுக்குமாடிகளில் பாலினப் பார்வையுள்ள பங்கேற்பு பட்ஜெட் (எதற்குச் செலவிடுவது என்பதைக் குடியிருப்பாளர்களே முடிவு செய்யும் முறை) 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, பெண்கள், ஆண்கள், இளையோர் எனத் தனித்தனிக் கலந்துரையாடல், பிறகு வாக்கு, அதன் பிறகே செலவு. ஒவ்வொரு படிக்கும் தரவு சேரும்.

ஆனால் கூட்டக் குறிப்பை மட்டும் நம்பக்கூடாது. 1976 சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி முழு மன்றக் கூட்டம் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. செயற்குழுக்களுக்கு அந்த விதி பொருந்தாது. வாதமெல்லாம் செயற்குழுவில் முடிந்துவிட்டால், மன்றக் குறிப்பில் "அங்கீகரிக்கப்பட்டது" என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். உறுப்பினர்களை நேரில் பேட்டி காணாமல் அந்த இடைவெளி நிரம்பாது.

கோலாலம்பூரின் பலம் நீதிமன்ற ஆவணம். தாமான் ரிம்பா கியாரா என்ற பொதுப் பூங்கா பற்றிய வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுமான அனுமதியை ரத்து செய்ததை 2023இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் அமைப்புத் திட்டத்துக்கு எவ்வளவு சட்ட வலு, அதிகாரிக்கு இரட்டைப் பொறுப்பு வந்தால் என்ன சிக்கல் என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் பக்கம் பக்கமாக உண்டு. ஆனால் புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து பெயர்ந்து அங்கே நீள்வீட்டில் குடியேறிய நம் குடும்பங்களின் வாழ்க்கை தீர்ப்புக்குள் அடங்காது. அதற்கு அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தமிழிலேயே கேட்க வேண்டும். ஆய்வு நெறிக்குழுவிடம் கொடுக்கும் ஒப்புதல் படிவத்தில் தமிழ்ப் பிரதியையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.