விறகு அடுப்புக்குப் புகைக்குழாய் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்: எங்களுக்கு ரூ.48,500 போச்சு

நேற்று மதியம் எங்கள் வீட்டு விறகு அடுப்பின் புகைக்குழாயைக் கழற்றிப் பார்த்தோம். 48,500 ரூபாய் கொடுத்துப் போட்ட குழாய். வெளியே பளபளவென்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), உள்ளே சாதாரண ஜி.ஐ. தகரம் (துத்தநாகம் பூசிய இரும்பு), இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய செராமிக் உல், அதாவது சூட்டை வெளியே விடாத பஞ்சு, ஒரு பிடிகூட இல்லை. குழாய் ஏறிப்போகிற இடத்தில் சீலிங் பலகை சுற்றிலும் கருகிப்போயிருக்கிறது. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீடு கோத்தகிரி பக்கம். பழைய வீடு, தகரக் கூரை, அதற்குக் கீழே மரப்பலகை சீலிங். டிசம்பர், ஜனவரியில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி, காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் கரண்ட் போனால் ஹீட்டரும் இல்லை. அதனால்தான் கூடத்தில் வார்ப்பிரும்பு விறகு அடுப்பு வைத்தோம். சீகையும் கற்பூர மரமும் இங்கே கிடைக்கும் விறகு. அடுப்பில் ஒரு குறையும் இல்லை, அதன் புகைவாய் 6 இன்ச். தேவைப்பட்டது நல்ல குழாய் மட்டும்.

பழைய பொருள், புதுப் பொருள் என்று எல்லாம் விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில்தான் இந்தக் குழாயை விற்ற ஆளின் விளம்பரத்தைப் பார்த்தோம். சமவெளியில் ஃபேப்ரிகேஷன் கடை, மலைக்கு வந்து ஃபிட்டிங் செய்து தருவார்களாம். தளத்தின் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன்.

அந்த ஆள் வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த வீட்டிலும் அப்படியேதான் வருவான். கையில் டேப், தோளில் ஒரு பை. வந்ததும் விலை பேசவில்லை. சீலிங் உயரம் அளந்தான், பலகையைத் தட்டிப் பார்த்து "இது பழைய மரம் மேடம், ஒத்தைக் குழாய் இதுக்கு ஆகாது, பக்கத்துல மரம் இருந்தா 18 இன்ச் தள்ளி இருக்கணும்" என்றான். அது உண்மை. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் பற்றக்கூடிய பொருளுக்கும் நடுவில் 18 இன்ச் விட வேண்டும் என்றுதான் நானும் படித்திருந்தேன். அப்புறம் பையிலிருந்து ஒரு சாம்பிள் துண்டை எடுத்தான், குறுக்கே வெட்டியது. உள்ளே ஒரு எஸ்.எஸ். குழாய், வெளியே ஒன்று, நடுவில் வெள்ளை வெளேரென்று செராமிக் உல் நெருக்கமாக அடைத்திருந்தது. அம்மாவின் கையில் கொடுத்து "தொட்டுப் பாருங்கம்மா, உள்ள நெருப்பே எரிஞ்சாலும் வெளியில இந்தச் சூடு வராது" என்றான். காந்தத்தை வைத்துக் காட்டினான், ஒட்டவில்லை. "304 கிரேடு, உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் இருக்கும்." அம்மா அவனுக்கு டீயும் வர்க்கியும் கொடுத்து, அடுப்பு பற்றவைக்கிற அன்றைக்கு நீங்களும் இருக்க வேண்டும் தம்பி என்று சொன்னாள். எழுபது வயதைத் தாண்டியவளின் முகத்தைப் பார்த்து அப்படிப் பேசிவிட்டு, உள்ளே தகரத்தைச் செருகி அனுப்ப எப்படி மனசு வருகிறது?

முன்பணம் 30,000. ஃபிட்டிங் அன்று 18,500. மொத்தம் 48,500. ஃபிட்டிங்குக்கு அவன் வரவில்லை, இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒவ்வொரு துண்டும் பிளாஸ்டிக் சுற்றி, முனைகள் மூடி வந்தது. மழை வரப்போகிறது என்று பரபரவென்று ஏற்றி, இணைப்புக்கெல்லாம் சிலிக்கான் பூசிவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் தாளிலேயே "பணம் பெறப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

முதல் வாரமே கூடத்தில் புகை திரும்பியது. அடுத்து, இணைப்புகளில் விறகுப் புகை குளிர்ந்து உண்டாகும் தார்த் தண்ணீர் கருப்பாக ஒழுகி, அம்மா உட்காரும் நாற்காலியில் சொட்டியது. போன் செய்தால் "ஈர விறகு போட்டிருப்பீங்க மேடம்". விறகு ஒரு வருஷம் காய்ந்தது என்றேன். "மலையில எல்லா சிம்னியும் ஆரம்பத்துல அப்படித்தான், பழகிடும்." பலகை சுடுகிறது, கை வைக்க முடியவில்லை என்றேன். "வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க, அவருக்குச் சொன்னா புரியும்." இதைக் கேட்டபோது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அளவு, கிரேடு, இடைவெளி எல்லாம் பேசியது நான், பணம் அனுப்பியது நான், புகார் சொல்லும்போது மட்டும் சார் வேண்டுமாம். பிறகு டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார், ஓனர் கல்யாணத்தில் இருக்கிறார், மண்சரிவு பயத்தில் வண்டி மேலே வராது என்று ஆளுக்கொரு கதை. கடைசியில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். அந்த விளம்பரத் தளத்துக்கு எழுதினால், நாங்கள் விளம்பரத்தை மட்டுமே வெளியிடுகிறோம், பரிவர்த்தனைக்குப் பொறுப்பல்ல என்று ஒரு பதில். அதே பதில், எழுத்து மாறாமல், மறுபடியும் மறுபடியும். அவன் விளம்பரம் மட்டும் இன்றைக்கும் ஓடுகிறது.

நேற்று எங்கள் ஊர் வெல்டிங் பட்டறை அண்ணனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். அவர் சொன்னதையும் காட்டியதையும் அப்படியே எழுதுகிறேன்.

வெளிக்கூடு மிட்டாய்க்குச் சுற்றிய ஜிகினாத் தாள் மாதிரி மெலிசு. அதில் எஸ்.எஸ். கிரேடு பார்க்கும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டார், சிவந்துவிட்டது. அப்படியென்றால் 202 கிரேடு, 304 இல்லை. காந்தம் 304-லும் ஒட்டாது 202-லும் ஒட்டாது, அதனால் அந்த ஆள் காட்டிய காந்த வித்தைக்கு அர்த்தமே இல்லை. 304-ல் நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும், 202-ல் அதைக் குறைத்து மாங்கனீஸை ஏற்றியிருப்பார்கள், விலையும் குறைவு. உள்ளே இருந்த ஜி.ஐ. குழாயில் காந்தம் டக்கென்று ஒட்டியது. அதன் துத்தநாகப் பூச்சு வெந்து வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் பக்கமே உருகிவிடும், குழாய்க்குள் படிந்த தார் ஒரு நாள் பற்றிக்கொண்டால் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். தகரம் தாங்குமா?

இன்னொன்று. அடுப்பின் வாய் 6 இன்ச், மேலே போட்டிருந்தது 5 இன்ச். முதல் துண்டிலேயே ஒரு குறுக்கி (பெரிய வாயைச் சின்னதாக்கும் இணைப்பு) வைத்து மறைத்திருக்கிறார்கள், அதனால்தான் புகை திரும்பியிருக்கிறது. குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும்போது செருகும் முனை கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே ஊறும் தார் உள்ளேயே வழிந்து அடுப்புக்குள் விழுந்து எரியும். இவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள். கூரைக்கு மேலே ஒரு அடிகூட நீட்டவில்லை. தகரத்தைத் தாண்டுகிற இடத்திலிருந்து 3 அடியாவது மேலே போக வேண்டும், சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகட்டில் அடிக்கிற காற்று புகையை உள்ளே தள்ளும். பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிற இடம்தான் இருந்தது. மரம் ஒரே நாளில் பற்றாது. சூடு பட்டுப் பட்டு உள்ளுக்குள் கருகி வரும், பிறகு முன்பு தாங்கிய சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்று அண்ணன் பலகையைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். அரை இன்ச் ஆழத்துக்குக் கரி.

புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கார்பன் மோனாக்சைடு தெரியாது, மணமும் கிடையாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்களைப் பற்றிய செய்தியை மலையில் இருக்கும் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அம்மா அந்தக் கூடத்தில்தான் படுக்கிறாள்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். சாம்பிளை நம்பாதீர்கள், வந்திறங்கிய குழாயின் முனை மூடியைத் திறந்து உள்சுவரிலும் காந்தம் வைத்துப் பாருங்கள் (ஒட்டினால் தகரம்), உல் இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டுத் திரவத்தை உள்சுவரிலும் விடச் சொல்லுங்கள். அடுப்பு வாயின் அளவைவிடக் குழாய் குறுகக் கூடாது. ஜி.ஐ. குழாய் என்றால் வேண்டவே வேண்டாம். முழுப் பணத்தை அடுப்பு எரித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பில்லில் கிரேடு, கனம், அளவு எழுதி வாங்குங்கள். படுக்கிற இடத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. நான் ஊட்டியில் போடப் போகிறேன். எஸ்டிமேட் தாள், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, கருகிய பலகையின் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த 48,500 திரும்பி வருமோ வராதோ, இதே ஆளிடம் குழாய் வாங்கியவர்கள் நீலகிரியில் வேறு யாராவது இருந்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். குழாயைக் கழற்றிப் பார்க்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.