பின்பக்கம் இறக்க லோயரிங் பிளாக்கா, ஷார்ட் ஷாக்கா?

கஸ்டம் க்ரூஸர் பைக்குக்கு அழகே பின்பக்கம் பதிந்து நிற்பதில்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி தெரிந்தால் டேங்க், ஹேண்டில்பார், பெயின்ட் என்று எதை மாற்றியும் மனசு நிறையாது. பெங்களூரில் அல்சூரில் ஓடும் என் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-ஐ முதலில் லோயரிங் பிளாக் போட்டு இறக்கினேன். ஏழு மாதம் கழித்து அதைக் கழற்றிவிட்டு ஷார்ட் ஷாக், அதாவது நீளம் குறைந்த ஷாக் அப்சார்பர் போட்டேன். இரண்டையும் இதே ரோட்டில் ஓட்டிப் பார்த்தபின் சொல்கிறேன்: பின்னால் ஆள் ஏற்றும் வண்டி என்றால் பிளாக் வேண்டாம்.

பிளாக்கின் கவர்ச்சி விலைதான். கம்பெனி ஷாக் அப்படியே இருக்கும். அதன் கீழ்முனை, பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மில் மாட்டும் இடத்தை மட்டும் ஒரு இரும்புத் துண்டு பின்னால் தள்ளிவிடும். ஷாக் இன்னும் சாய, வண்டி இறங்கிவிடும். லேத் பட்டறையில் ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. வெளியே தள்ளி நிறுத்திப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

கோளாறு ஷாக் அமுங்கும் தூரத்தில் இருக்கிறது. பிளாக் போட்டாலும் ஷாக் பழையபடி முழுசாகத்தான் அமுங்கும். அப்படியானால் வண்டி எவ்வளவு இறங்கியதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் சக்கரம் கூடுதலாக மேலே போய் மட்கார்டை முட்டும். தனியாக ஓட்டியவரை எனக்கு இது தெரியவே இல்லை. ஒரு ராத்திரி மனைவியோடு ஓசூர் ரோட்டில் வரும்போது வெள்ளைக் கோடு இல்லாத ஒரு வேகத்தடை. பின்னால் 'கர்ர்' என்று ஒரு சத்தம். மறுநாள் சக்கரத்தைக் கழற்றி மட்கார்டின் உள்பக்கம் டார்ச் அடித்தேன். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட் போய், தகரம் பளபளவென்று மின்னியது. டெயில் லேம்ப் ஒயரின் மேல்தோல் ஒரு பக்கம் சீவிப் போய், உள்ளே செம்புக் கம்பி எட்டிப் பார்த்தது. போல்ட் ஓட்டையும் லேசாக நீள்வட்டமாகியிருந்தது. மாட்டும் இடம் தள்ளிப்போனதால் ஒவ்வொரு குழியிலும் அந்தத் துண்டு போல்ட்டை நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஷார்ட் ஷாக்கில் இந்தப் பிரச்சினை குறைவு. நல்ல ஷாக்காக இருந்தால் நீளம் குறைந்த அளவுக்கு அமுங்கும் தூரமும் குறைந்திருக்கும். சக்கரம் பழைய எல்லையைத் தாண்டாது. தூரம் குறைந்ததைச் சமாளிக்க ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாகக் கொடுத்திருப்பார்கள். அதனால் சின்னச் சின்ன மேடு பள்ளம்கூட முதுகுக்குத் தெரியும், அதை மறைக்க மாட்டேன். விலையும் பிளாக்கைவிடப் பல மடங்கு. வாங்கும்போது இரண்டு முனை ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, பழைய ஷாக்கோடு ஒப்பிடுங்கள். ஷாக் சாய்ந்து நிற்பதாலும் சக்கர அச்சுக்கு முன்னால் மாட்டியிருப்பதாலும், நீளத்தில் குறைத்ததைவிடச் சற்று அதிகமாகவே வண்டி இறங்கும். 25 மில்லிமீட்டருக்கு மேல் குறைத்ததைத் தொடவே தொடாதீர்கள்.

எதைப் போட்டாலும் ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கி, ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் இல்லாத ஷாக்கைத் திரும்ப மாட்டி, சக்கரத்தைக் கையால் கடைசி வரை மேலே தள்ளுங்கள். அந்த நிலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். பிளாக் போட்ட அன்றைக்கே இதைச் செய்திருந்தால் என் ஒயர் பிழைத்திருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது மூன்றாவது வழி. காசே செலவில்லை என்பார்கள். பத்துச் சுற்றில் இரண்டை வெட்டினால் ஸ்பிரிங் 25 சதவீதம் விறைத்துவிடும். கூடவே அதன் ஆரம்ப அழுத்தம் போய், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கிண்ணத்துக்குள் தளர்ந்து ஆடும். வேண்டாம்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் நிறுத்தும்போது தரையோடு பதிந்து, ஓட்டும்போது உயர்ந்து கொடுக்கும். கண்காட்சி வண்டிக்குப் பொருந்தும். தினம் ஆபீஸ் போகிற வண்டிக்கு அந்தச் செலவும் பராமரிப்பும் கட்டாது.

இறக்கியபின் மற்றதெல்லாம் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீட்டியரின் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவிலான தூரம், 1400 மில்லிமீட்டர். பின்னால் 25 மில்லிமீட்டர் இறங்கினால் முழு வண்டியும் ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. ஹேண்டில் திருப்பக் கொஞ்சம் கனக்கும். ஹெட்லைட் வெளிச்சம் 25 மீட்டர் தூரத்தில் 44 சென்டிமீட்டர் மேலே ஏறி, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அன்றைக்கே இறக்கி வையுங்கள். செயினின் தொய்வையும் ஆள் உட்கார்ந்த நிலையில் மறுபடி பாருங்கள். சைடு ஸ்டாண்ட் நீளமாகிப் போனதுபோல் வண்டி நிமிர்ந்து நிற்கும். லேசாகத் தட்டினாலே வலப்பக்கம் சாயப் பார்க்கும். நான் ஸ்டாண்டைக் கொஞ்சம் வெட்டி வெல்டிங் வைத்தேன்.

என் மச்சான் சூப்பர் மீட்டியர் 650 வைத்திருக்கிறார். "மாமா, உங்க வண்டி மாதிரியே இறக்கிக் கொடுங்க" என்று ஒரு மாசமாகக் கேட்கிறார். அந்த வண்டிக்குத் தரை இடைவெளியே 135 மில்லிமீட்டர்தான், பின் சக்கரம் அசையும் தூரம் 101 மில்லிமீட்டர். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் குடியிருப்பவர்களே போட்டுக்கொண்ட மேடுகள் அந்த அளவை மதிப்பதில்லை. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தாலே வண்டி இறங்கும், அதற்கு மேல் நாமும் இறக்கினால் அடிப்பக்கம் இடிக்காமல் வீடு வந்து சேராது. அவருக்கு உண்மையில் வேண்டியது சிக்னலில் இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிவதுதான். அதற்கு ஷாக்கைத் தொட வேண்டியதே இல்லை. ஜே.சி. ரோடு பக்கம் நல்ல சீட் கடைக்காரரிடம் கொடுத்து, ஃபோமில் ஒரு அங்குலம் சீவி, தொடை படும் முன்பக்கத்தை இரண்டு ஓரமும் ஒடுக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு போகிறோம்.