தூண்டில் ராட்டில் கையெழுத்து: ஐந்து வருட வெயிலுக்கும் உப்புக்கும் பிறகு

பிளாங்க் (வெறும் கோல்), ரீல் சீட் (ரீல் பொருந்தும் இடம்), கைடு (தூண்டில் நரம்பு ஓடும் வளையம்), அதைக் கட்டும் நூல், எபாக்சி (பிசினும் கடினமாக்கியும் கலந்து பூசும் பூச்சு) எல்லாமே காசு கொடுத்தால் கிடைக்கும். ஒரு ராட் இன்னாருடையது என்று சொல்வது கைப்பிடிக்கு மேலே நான்கு விரல் அகலத்தில் இருக்கும் கையெழுத்துதான். எழுதிய அன்று எந்த மையும் அழகாகத்தான் இருக்கும். சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறை, சாங்கி, பாசிர் ரிஸ் என்று ஐந்து வருடம் புழங்கிய பிறகுதான் எது நின்றது, எது மங்கியது, எது தோலாக உரிந்தது என்பது தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மைக்காகப் படும் கவலையில் பாதியை எழுத்துக்கு அடியிலும் மேலேயும் போகும் பூச்சுக்குக் கொடுங்கள். எழுத்து நிற்பதும் போவதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

பிளாங்கின் மேல் நேராக எழுதக் கூடாது. பளபளப்பான பிளாங்கில் மை சேம்பிலைத் தண்ணீர் போல முத்துமுத்தாக ஒதுங்கும். உரசி மென்மையாக்காத பிளாங்கில் வளையம் வளையமாக வரிப்பள்ளங்கள் இருக்கும், மை அவற்றின் வழியே பக்கவாட்டில் ஓடிவிடும். அதனால் எழுத்து வரப்போகும் 8 முதல் 10 செ.மீ. இடத்தை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய எபாக்சி ஒரு கை போட்டு, 24 மணி நேரம் காயவிட்டு, அதன் மேல் எழுத வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் மீதி தண்ணீர் என்பதால் இந்த வேலைக்கு அது சரிவராது. அசிட்டோன் சில பிளாங்குகளின் மேற்பூச்சையே கெடுத்துவிடும். இந்த அடிப்பூச்சால் இன்னொரு பெரிய வசதி உண்டு. எழுத்து கோணிப் போனால் மை காயும் முன் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம், பிளாங்குக்கு ஒன்றும் ஆகாது.

எபாக்சியின் அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 12 மி.மீ. தடிமனுள்ள பிளாங்கில் 10 செ.மீ. நீளத்தைப் பூச உண்மையில் 1 மி.லி.கூடத் தேவைப்படாது. அதற்காக அரை மி.லி. பிசினும் அரை மி.லி. கடினமாக்கியும் கலக்காதீர்கள். அரை மி.லி.யில் 0.1 மி.லி. கூடினால் பிழை 20 சதவீதம். அந்தப் பூச்சு மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் தலா 3 மி.லி. எடுத்தால் அதே பிழை 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மிச்சத்தைக் கைடு கட்டுகளுக்குப் போட்டுக்கொள்ளலாம். அளக்கப் பயன்படும் ஊசிக்குழாயின் கருப்பு ரப்பர் முனையில் சிலிக்கோன் தடவியிருந்தால் பூச்சில் மீன்கண் போல வட்டக் குழிகள் விழும். ரப்பர் முனை இல்லாத குழாயாகப் பார்த்து வாங்குங்கள். வெயில் தடுப்புக் களிம்பு பூசிய கையால் பிளாங்கைத் தொட்டாலும் இதே குழி வரும், பல களிம்புகளில் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் வகை இருக்கிறது. கலக்கும்போது மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்புங்கள். குமிழ்கள் தாமாக மேலே வந்து உடையும், கலவை சூடேறிச் சீக்கிரம் இறுகுவதும் குறையும்.

நம் ஊர்க் காற்று இந்த வேலைக்கு எதிரி. மழை விட்ட மாலையில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சன்னலைத் திறந்துவைத்து எபாக்சி போட்டால் காய்ந்த பூச்சின் மேல் மெழுகு தடவியது போல ஒரு படலம் வரும். அதன் மேல் நேராக இரண்டாவது பூச்சு போட்டால் பிடிக்காது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் போட வேண்டும். அந்தப் படலம் தண்ணீரில் கரையக்கூடியது, ஆல்கஹாலை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஏர்கான் அறையில் 25 டிகிரியில் வேலையைத் தொடங்கினால் பூச்சு ஒரு பக்கம் வழியாதபடி, இறுகும்வரை ராட்டை அங்கேயே சுழல்மோட்டாரில் சுழலவிடுங்கள். குளிர்ந்த பிளாங்கைச் சமையலறைப் பக்கம் எடுத்துவந்தால் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்துவிடும், பூச்சு வெண்மேகமாகிவிடும்.

மைக்கு வருவோம். எண்ணெய் வகைப் பெயின்ட் மார்க்கர் எழுதச் சுலபம், ஆனால் மேலே எபாக்சி போகும்போது ஓரங்கள் கரைந்து நூல் நூலாகப் பிரிவது அடிக்கடி நடக்கும். சாய வகை மை இன்னும் மோசம், வெயிலில் வெளுக்கிறது. வெள்ளை ஜெல் பேனா கோடு நன்றாக விழுந்தாலும் தூரிகை இரண்டாம் முறை பட்டால் இழுபடும். அத்தனைக்கும் மேலாக நின்றது நிறமி கலந்த அக்ரிலிக் மையும் தொட்டு எழுதும் எஃகு நிப்பும்தான். ஹன்ட் 102 போன்ற காக்கை இறகு நிப் 4 மி.மீ. எழுத்துக்கு அளவானது. புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், ஆல்கஹாலில் துடைக்காவிட்டால் மை பிடிக்காது. மை பால் பதத்தில் இருக்க வேண்டும். தயிர்ப் பதத்தில் இருந்தால் நிப்பை விட்டு இறங்காது. நிப்பின் துளையில் பாதிவரை மட்டும் தொடுங்கள். ஏர்கான் காற்றில் மை நிப்பிலேயே காயும் என்பதால் ஒரு சொல் எழுதியதும் தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். வெள்ளை மையில் நிறமி அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் கலக்கிக்கொள்ள வேண்டும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் ஓவியப் பொருள் கடைகளில் இந்த நிப்பையும் மையையும் தேடிப் பார்க்கலாம்.

தமிழில் எழுத விரும்புவோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராட் எழுத்துக்கான வழிமுறைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பேரெழுத்தை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. ஆங்கிலப் பேரெழுத்துகள் இரண்டு கோடுகளுக்குள் அடங்கும். தமிழில் புள்ளியும் மேல்விலங்கும் (கி, கீ போன்றவற்றின் மேல்வளைவு) மேலே ஏறும், கீழ்விலங்கு (மு, ரு போன்றவற்றின் கீழ்வளைவு) கீழே இறங்கும். ‘முருகன்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மு, ரு இரண்டும் கீழே இறங்குகின்றன, கடைசி ன் மேலே புள்ளி வைக்கிறது. உடல் எழுத்து 3 மி.மீ. என்றாலும் மொத்த உயரம் 5 மி.மீ. ஆகிவிடும். 12 மி.மீ. பிளாங்கில் 5 மி.மீ. என்பது சுற்றளவில் சுமார் 48 டிகிரி, ஒரே பார்வையில் முழுப் பெயரும் தெரியும். 8 மி.மீ. பிளாங்கில் அதுவே 72 டிகிரிக்கு நெருங்கும். புள்ளியைப் பார்த்தால் கீழ்விலங்கு ஒளிந்துகொள்ளும். எனவே மெல்லிய ராட்டில் தமிழ்ப் பெயர் எழுதுவதானால் கைப்பிடியை ஒட்டித் தடிமன் கூடிய இடத்திலேயே எழுதுங்கள்.

சுழிகளையும் கவனிக்க வேண்டும். ண, ன, ஞ ஆகியவற்றின் சுழி 3 மி.மீ. உயரத்தில் குண்டூசித் தலை அளவுதான் வரும். நிப்பை அழுத்தினால் மை குளமாகி அடைத்துக்கொள்ளும், ண எது, ன எது என்று தெரியாமல் போகும். சுழியை அழுத்தமே இல்லாமல் மயிரிழையாகச் சுற்றிவிட்டு, கீழே இறங்கும் கால்களில் மட்டும் அழுத்துங்கள். புள்ளியைச் சொல் முழுவதும் காய்ந்த பிறகு வைப்பது நல்லது. ஈர எழுத்தின் மேல் கை தாண்டிப் போய்ப் புள்ளி வைக்கும்போதுதான் மை இழுபடுகிறது. ஆங்கிலத்துக்குச் செய்வது போல ஒட்டுநாடாவின் விளிம்பை அடிக்கோடாக வைத்தால் கீழ்விலங்குக்கு இடமிருக்காது. நாடாவை 3 மி.மீ. கீழே ஒட்டி, கண்ணளவில் இணையாக எழுதுங்கள்.

எழுதும்போது ராட்டின் இரு பக்கமும் பிளாங்கின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. ஸ்பின்னிங் ராட்டில் கைடுகள் கீழே இருப்பதால் எழுத்தை அதற்கு நேர் எதிரே மேல் பக்கம் வைக்கலாம். பெய்ட்காஸ்டிங் ராட்டில் கைடுகளே மேலே இருக்கும். எழுத்தை 30, 40 டிகிரி பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பிடித்திருப்பவர் கண்ணில் படும்.

எழுதி முடித்ததும் ஒரு முழு நாள் காத்திருங்கள். தொட்டால் ஒட்டாத அளவு அரை மணியில் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். மேல் எபாக்சியை மென்மையான தூரிகையால் ஒரே முறை கிடத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. குமிழை ஊதி உடைக்காதீர்கள், மூச்சின் ஈரம் பூச்சில் இறங்கும். ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஓரிரு அங்குலம் தள்ளி, நிற்காமல் நகர்த்தினால் போதும். பிறகு சுழல்மோட்டாரில் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். அடுத்த நாள் இரண்டாவது பூச்சு.

இனி, காலம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெள்ளை எழுத்து வெள்ளையாகவே நிற்காது. இங்கே நண்பகல் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம், அதில் எபாக்சி மெல்ல மஞ்சளாகும், வெள்ளை எழுத்து தந்த நிறத்துக்கு வரும். நீலம் பச்சைக்குச் சாயும். அபிரக நிறமி கலந்த தங்க நிறம்தான் அந்த மஞ்சளை முழுவதும் மறைத்துக்கொள்கிறது. கறுப்பு பிளாங்குக்கு அதையே பரிந்துரைக்கலாம். வெண்கலத் தூள் கலந்த தங்க மை மட்டும் வேண்டாம், கறுத்துப் போகும்.

உப்பு எழுத்தைத் தொடுவதில்லை, ஓரத்தைத் தொடும். எபாக்சி முடியும் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முதலில் நகக்கண் பிறை போல ஒரு வெண்கோடு தெரியும். பூச்சு பிளாங்கை விட்டுத் தூக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எழுத்தின் இரு புறமும் 5 மி.மீ. அகலத்துக்கு நூல் சுற்றி, எபாக்சியை அந்த நூலின் மேல் முடித்த ராட்டுகளில் இந்தப் பிறை வரவில்லை. செலவில்லாத வேலை, தயவுசெய்து இதை விடாதீர்கள்.

படகுத்துறையில் 11, 12 அடி ராட்டை இடுப்பளவுக் கைப்பிடிச் சட்டத்தில் சாய்த்து வைப்போம். சட்டம் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம் என்றால் ராட் அதில் உரசும் இடம் அடியிலிருந்து 100 முதல் 110 செ.மீ. நீண்ட ராட்டில் முன்கைப்பிடிக்கு மேலே எழுதும் வழக்கமான இடம் அங்கேதான் வந்து விழுகிறது! அத்தகைய ராட்டில் எழுத்தை ரீல் சீட்டுக்குக் கீழே இறக்கிவிடுங்கள். கொசு விரட்டியும் கெடுதல் செய்யும். டீட் கலந்த விரட்டி வார்னிஷையும் பல பிளாஸ்டிக்குகளையும் இளக்கும். எபாக்சி ஓரளவு தாங்கும், எபாக்சிக்குப் பதில் வார்னிஷ் பூசிய எழுத்துகள் பிசுபிசுத்துக் கைரேகை பதிந்து நிற்கின்றன. தெளித்ததும் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு ராட்டைப் பிடியுங்கள்.

ராட்டின் நீளம், எடை போன்ற விவரங்களை அச்சிட்ட நீர் ஒட்டுப்படத்தில் போடுவதில் தப்பில்லை, 2 மி.மீ. எழுத்துகூடத் தெளிவாக வரும். பெயரை மட்டும் கையால் எழுதுங்கள். ஒட்டுப்படத்தின் அடியில் சிக்கிய காற்று வெள்ளிபோல் மின்னி, படத்தின் சதுர விளிம்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய எழுத்தை நீக்க வேண்டுமானால் கத்தியைத் தொடவே கூடாது. கார்பன் இழையில் ஒரு கீறல் விழுந்தால் கனத்த கொடுவா இழுக்கும் நாளில் ராட் அந்த இடத்தில்தான் முறியும். 400 எண் ஈர மணல்தாளால் எழுத்து மறையும்வரை மட்டும் தேய்த்து, அடிப்பூச்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீரில் அலசி, துடைத்து, எழுத்துப் பூச்சின் இரு ஓரத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அடுத்த முறை கடலுக்குப் போகும் முன் அந்த ஓரத்துக்கு மெல்லிய எபாக்சி ஒரு கை போட்டுவிடுங்கள்.