ஐ/ஓ: பிரைட்-சைடா, டார்க்-சைடா?

ஜெனிசிஸ் ராக் இசைக்குழுவிலிருந்து 1975-இல் விலகிய பாடகர் பீட்டர் கேப்ரியல், 2002-க்குப் பின் புதுப் பாடல்களோடு தந்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் ‘ஐ/ஓ’. 2023 டிசம்பர் 1-இல் வெளியானது. பாடல்கள் 12தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஸ்டீரியோ மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் கலந்து சமன் செய்த ஒலிவடிவம்) இரண்டு: பிரைட்-சைட், டார்க்-சைட். எதை எடுப்பது?

மார்க் ‘ஸ்பைக்’ ஸ்டென்ட் செய்த பிரைட்-சைடில் குரல் முன்னே நிற்கும், கோரஸ் அகலமாகத் திறக்கும். ‘பிளேயிங் ஃபார் டைம்’ போன்ற பியானோப் பாடலுக்கு இதுவே சரி. சாட் பிளேக்கின் டார்க்-சைடில் டோனி லெவினின் பேஸ் கிட்டாரும் மனு கச்சேயின் டிரம்ஸும் கனக்கின்றன; ஓசைக்கு ஒரு சொரசொரப்பு உண்டு. ‘பனாப்டிகாம்’ இதில்தான் உண்மையான மிரட்டலோடு ஒலிக்கிறது. ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்டால் அடிநாதம் காணாமல் போய், வெறும் மங்கலாகத் தோன்றும். நல்ல ஹெட்போன் அவசியம்.

ஒப்பிடும்போது ஒரே பாடலை அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒலியளவைச் சமன் செய்துகொண்டு. சத்தம் கூடிய மிக்ஸ்தான் சிறந்தது என்று காது ஏமாந்துவிடும். 24 டிராக்கையும் ஒரே மூச்சில் ஓட்டினால் களைப்புதான் மிஞ்சும்.

வினைலில் இரண்டும் தனித்தனி விற்பனை. இரட்டை சிடியில் இரண்டுமே கிடைப்பதால், முதலில் அதை வாங்குங்கள். ஒன்றே போதும் என்றால், என் தேர்வு டார்க்-சைட்.